இந்த வினாத்தாளைக் கண்டவர்கள் இருவர்

பேராசிரியரின் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். கொடுத்தேன். "நேர்மையே உருவாக வாழ்ந்தவர்" என்று தொடங்கி, "அன்னார் ஆண்டவரில் இளைப்பாறுவாராக" என்று முடித்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் ஆலய மண்டபத்தில் மலரை விரித்து வைத்திருந்த சிலர், அதற்கு மேலால் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். 'உவவோ எழுதியிருக்கிறா?', இவளுக்கு எழுத என்ன தகுதி என்ற பார்வை. எனக்கு அது ஏழு வருடப் பழக்கம். அந்தப் பக்கத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன். வாசித்துவிட்டு யார் எப்படிப் பார்த்தாலும் எனக்கு இனிக் கவலை இல்லை என்று சொல்ல ஆசைதான். சொல்ல மாட்டேன், கவலை உண்டு.

கடைசி எட்டு வருடம் அவருக்கு மறதி நோய் இருந்தது. டிமென்ஷியா என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தது பிறகு. முதல் ஒரு வருடம் அது நோய் என்று அவருடைய மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு வருடத்துக்குள்தான் அவர் என் பெயரைக் கெடுத்தார். கெடுத்தார் என்று எழுதக் கை கூசுகிறது. என்ன செய்ய, நடந்தது அதுதான்.

நான் சாவகச்சேரிக்காரி. அப்பா நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். சாட்சிக்கூண்டில் யார் யார் எப்படிப் புளுகினார்கள் என்று கேட்டுக்கொண்டே சோறு தின்று வளர்ந்தவள் நான். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, நடுவில் வேறு கதை கதைத்து, திரும்ப அதே கேள்வியைக் கேட்டால், பொய் சொல்லுகிறவன் மூன்றாம் தரம் வழுக்குவான் என்பது எங்கள் வீட்டில் அரிச்சுவடி. அதனால் எனக்குச் சந்தேகம் பிறவிக் குணம். தபால்காரர் சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். கலியாணம் பேசி வந்தவர்கள் என் சமையலைப் புகழ்ந்தபோது, எதையோ மறைக்கத்தான் இவ்வளவு புகழ்கிறார்கள் என்று இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. ஒன்றும் மறைக்கவில்லை, பாவங்கள். கட்டிய பிறகு பார்த்தால் என் மனிதருக்குக் குறட்டை மட்டும்தான்.

பேராசிரியர் புவியியல் படிப்பித்தார். கல்லூரியின் பெயர் வேண்டாம். குடாநாட்டில் அவர் எட்டிப் பார்க்காத கிணறு குறைவு. முதலாம் வருட வகுப்பின் முதல் நாளில் எல்லாரும் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றாக வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிட்டு இடம் சொல்லுவார். நான் மாணவியாக இருந்தபோது என் போத்தலை வாயில் வைத்தவர், "தென்மராட்சி. கிணத்துக்குக் கிட்ட மாடு கட்டியிருக்கு. முதல்லை மாட்டை அவிட்டு வேறை இடத்திலை கட்டச் சொல்லும்" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று பின்னேரமே எங்கள் வீட்டு மாடு இடம் மாறியது.

பரீட்சை என்று வந்தால் அவருக்கு உற்றார் உறவினர் கிடையாது. சொந்தத் தங்கையின் மகனையே இரண்டு புள்ளியால் தவறவிட்டவர். தங்கை மூன்று வருடம் அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்படிப்பட்டவர் என்னைக் கூப்பிட்டுத் தன் துறையில் விரிவுரையாளராகச் சேர்த்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. மூன்று வருடம் தகுதிகாண் காலம். அது முடிந்து நிரந்தரமாக்கும் கடிதம் வந்தால்தான் வேலை உறுதி. அந்தக் கடிதத்துக்கு அவருடைய ஒரு வரி வேண்டும்.

மூன்றாவது வருடத்தில் மனிதர் மாறினார்.

விறாந்தையில் எதிரே வந்தால் முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார். சரி, என்னிடம் ஏதோ பிழை பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். தன் அறைப் பூட்டை ஒரே தவணையில் இரண்டு தரம் மாற்றினார். நான் அவருடைய மேசை லாச்சியைக் கிளறுகிறேன் என்று யாரோ மூட்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். திறப்பைத் தொலைத்துவிட்டுத்தான் பூட்டை மாற்றினார் என்பது பிறகு தெரிந்தது. சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். நான் வாய் திறந்தால் அதில் எதையோ குறிப்பார். எனக்கென்று கோப்புத் திறந்தாயிற்று என்று முடிவு கட்டினேன். இரண்டு தரம் என்னை வேறொரு பெயரால் கூப்பிட்டார். அது முந்தைய வருடம் வேலையை விட்டுக் கனடா போன ஒருத்தியின் பெயர். ஓகோ, அவளைத் திரும்பக் கொண்டுவந்து என் கதிரையில் இருத்தத் திட்டம் போடுகிறார் என்று எனக்கு உச்சந்தலை கொதித்தது.

மற்றவர்கள் ஒன்றையும் கவனிக்கவில்லை. குடையை மறந்துவிட்டுப் போனால், கூட்டத்துக்கு ஒரு நாள் பிந்தி வந்தால், "பெரிய மூளை, உதெல்லாம் நிக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பேராசிரியர் மறந்தால் அது படிப்பின் அடையாளம். நானும் அப்படியே விட்டிருக்கலாம். என் புத்தி விடாது.

எங்கள் கல்லூரியில் வினாத்தாளை ஒருவர் எழுதுவார். இரண்டாம் பரீட்சகர் அதை வாசித்துத் திருத்தம் சொல்லுவார். பிறகு உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துப் பரீட்சைக் கிளைக்குக் கொடுத்துவிடுவார்கள். முத்திரையை உடைப்பதும் பிரதி எடுப்பதும் பரீட்சையன்று காலையில்தான். அந்த முறை மூன்றாம் வருடத் தாளை அவர் தன் கையால் எழுதினார், இரண்டாம் பரீட்சகர் நான். அன்று காலை வரை வேறு ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. பரீட்சையன்று முதல் அரைமணித்தியாலம் தாளை எழுதியவர் மண்டபத்தில் இருக்க வேண்டும், கேள்வியில் ஏதும் பிழை இருந்தால் சொல்ல. அவர் இருந்தார்.

மூன்றாம் வருட மாணவர்கள் நாற்பத்தொரு பேர். தாளைத் திருப்பினார்கள், சிரித்தார்கள், எழுதத் தொடங்கினார்கள். தலை சொறிந்தவர் ஒருவரும் இல்லை. வாசலடியில் மாணவர்கள் குவித்து வைத்திருந்த பைகளுக்கு நடுவே யாரோ கையால் எழுதிய பாதித் தாள் ஒன்று கிடந்தது. பேராசிரியர் குனிந்து எடுத்தார். ஐந்து கேள்விகளும் அதில் இருந்தன, இலக்கம் மாறாமல், சொல் மாறாமல்.

அன்று பின்னேரம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார். இருந்தேன்.

"அந்த வினாத்தாளை நான் உம்மட்டைத் தந்தாப் பிறகு எங்கை வைச்சனீர்?"

"லாச்சியிலை வைச்சுப் பூட்டினனான் சேர்."

தலையாட்டினார். நிலாவரைக் கிணற்றில் எடுத்த அளவுகள் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "பிள்ளை, அந்த வினாத்தாளை எங்கை வைச்சனீர்?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் வித்தை! சாவகச்சேரிக் கோட்டில் சாட்சியைக் கேட்பதுபோலவே கேட்கிறார்.

"லாச்சியிலை எண்டு சொன்னனான், சேர்."

"ஓம், ஓம்." மழை பற்றிக் கதைத்தார். தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தார். "வினாத்தாளை எங்கை வைச்சிருந்தனீர்?"

வழுக்கக்கூடாது, ஒன்றையும் விடாமல் சொல்லவேண்டும் என்ற பதற்றத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். முதல் நாள் லாச்சியில் வைத்தேன். அடுத்த நாள் லாச்சிப் பூட்டு இறுகியதால் இரும்பு அலுமாரிக்கு மாற்றினேன். உண்மை அதுதான். அவர் சின்னக் கொப்பியை எடுத்து, முதலில் லாச்சி, பின்னர் அலுமாரி என்று எழுதிக்கொண்டார். மனிதர் என்னைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போனேன். என் முதல் பதில் அவருக்கு நினைவிலேயே இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பீடாதிபதிக்குக் கடிதம் போயிற்று. பிறகு அதன் பிரதியை எனக்கும் தந்தார்கள், மனப்பாடமாக இருக்கிறது. "இந்த வினாத்தாளைக் கண்டவர்கள் இருவர். ஒருவர் நான். மற்றவரிடம் விசாரித்தபோது லாச்சியில் வைத்ததாக முதலில் கூறினார். பின்னர் அலுமாரியில் வைத்ததாகக் கூறினார். மேல் நடவடிக்கை தங்களைச் சார்ந்தது." அடியில் கையெழுத்து. எங்கள் ஊரில் பெட்டிசம் என்றால் பெயர் போடாமல் எழுதுவதுதான் வழக்கம். பெயரில்லாத பெட்டிசங்கள் கந்தோர்களில் குவிந்து கிடக்கும், ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. இது பேராசிரியர் பெயரைப் போட்டு எழுதியது. சொந்தத் தங்கை மகனையே தவறவிட்டவர் எழுதியது. அதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

என்னைப் பரீட்சை வேலைகளிலிருந்து நிறுத்தினார்கள். நிரந்தரமாக்கும் கடிதம் அந்தரத்தில் நின்றது. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் கதை நின்றுவிடும். சாவகச்சேரி பஸ்ஸில் எனக்குப் பின்சீற்றில் இருந்த இரண்டு பெண்கள், தங்கள் குரல் எனக்குக் கேட்கும் என்று தெரிந்தும், "இவதானாம் பேப்பரை வெளியிலை விட்டவ" என்றார்கள். ஒரு பின்னேரம் என் மனிதர், நெல்லியடியில் படிப்பிக்கிறவர், சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல் கேட்டார்: "உண்மையாச் சொல்லும். நீர் ஒருத்தருக்கும் காட்டேல்லையே?"

கையிலிருந்த சுளகை எறிந்தேன். அவர்மேல் படவில்லை. படவேண்டும் என்றுதான் எறிந்தேன். மூன்று நாள் ஒரே வீட்டில் கதை பேச்சு இல்லை.

இரண்டு கிழமை கழித்து மாணவி ஒருத்தி என் வீடு தேடி வந்தாள். குருநகர்ப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். "மிஸ், கோயிலிலை பாவசங்கீர்த்தனம் செய்து பாவத்தைச் சொல்லியும் மனம் ஆறேல்லை. சுவாமியார் உங்களிட்டையே சொல்லச் சொன்னவர்" என்று ஒரு கொப்பியை நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் படிப்பு என்றால் நோட்ஸ். சேர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். தலை நிமிர்த்தினால் ஒரு வரி போய்விடும், ஆகையால் ஒருவரும் நிமிர்த்துவதில்லை. அந்தக் கொப்பியில் நிலத்தடி நீர் பற்றிய நோட்ஸ் மூன்று பக்கம். நாலாம் பக்கத்தின் நடுவில், ஒரு வரி இடைவெளிகூட இல்லாமல் இப்படி இருந்தது: "எவையேனும் நான்கு வினாக்களுக்கு விடை தருக. நேரம் மூன்று மணித்தியாலம். ஒன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் உவர்நீராக மாறுவதற்கான காரணங்களை ஆராய்க." ஐந்து கேள்விகளும் வரிசையாக. பக்கத்தின் மூலையில் திகதி. பரீட்சைக்கு ஒன்பது நாள் முந்திய திகதி.

"இதை ஆர் சொன்னது?"

"சேர்தான் மிஸ். வகுப்பிலை."

"நாப்பத்தொரு பேரிலை ஒருத்தரும் கேக்கேல்லையோ, சேர் இதென்ன எண்டு?"

"சேரைக் கேக்கிறதோ மிஸ்?" என்றாள், பயந்துபோய். "அவருக்குக் கடைசி வருசம். எங்களுக்கு ஒரு உதவி செய்யிறார் எண்டு நினைச்சம். வெளியிலை தெரிஞ்சால் சேருக்குத்தான் பிழை வரும் எண்டு எல்லாரும் சேர்ந்து சத்தியம் பண்ணினம்."

கோதாரி! அன்பு என்று நினைத்து நாற்பத்தொரு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், என் கழுத்துக்குத்தான் கயிறு வந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்த கணத்தில் நோய் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை. பிறவிக் குணம் எங்கே போகும்? வேண்டுமென்றே வகுப்பில் சொல்லிவிட்டு என் தலையில் கட்டியிருக்கிறார், சுழியன், கனடாக்காரிக்காக என்றே நினைத்தேன். அந்த ஆத்திரத்தோடு அன்றே அவர் வீடு இருந்த தெல்லிப்பழைக்குப் பஸ் ஏறினேன். கொப்பியை அவர் மூஞ்சிக்கு நேரே பிடித்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும். அந்த நான்கு வார்த்தையையும் பஸ்ஸில் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

அவர் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அந்த வருடம் முழுக்க நான் காணாத முகம்.

"வாரும் பிள்ளை. நல்ல நேரம் வந்தனீர். வினாத்தாள் இப்பதான் எழுதி முடிச்சனான். ஒருக்காப் பாத்துத் தாரும்."

நீட்டினார். மை இன்னும் காயவில்லை. ஒன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் உவர்நீராக மாறுவதற்கான காரணங்களை ஆராய்க. அதே ஐந்து. பரீட்சை முடிந்து ஒரு மாதமாகப் போகிறது.

பாடமாக்கிய வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. அவருடைய மனைவி குசினி வாசலில் நின்றார். அன்ரி என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். என்னை உள்ளே வரும்படி கண்ணால் காட்டி, குசினி அலுமாரியில் சீனிப் பேணிக்குப் பின்னால் இருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். எல்லாம் அவர் கையெழுத்து. எல்லாம் அதே ஐந்து கேள்வி.

"ஒவ்வொரு நாளும் விடிய எழுந்து இதைத்தான் எழுதுறார்," என்றார் அன்ரி. "எழுதி முடிச்சிட்டு எங்கை கொண்டுபோய்க் குடுக்கிறது எண்டு கேக்கிறார்."

ஒரு வருடமாக நான் கண்ட சூழ்ச்சி எல்லாம், பூட்டு, கொப்பி, மூன்று தரம் கேட்ட கேள்வி எல்லாம், என் கண்முன்னே வேறொன்றாக மாறியது. அந்த மனிதருக்காக நெஞ்சு அடைத்தது. அதே நெஞ்சுக்குள், அப்பாடா, நான் தப்பினேன் என்ற சந்தோசமும் துள்ளியது. வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், துள்ளியது.

அன்ரி என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"ஓய்வுக்கு மூண்டு மாதந்தான் கிடக்கு, பிள்ளை. வாழ்நாள் முழுக்க ஒரு பழிச்சொல்லுக் கேளாத மனுசன். இதைக் காட்டாதையும். உமக்கு வயசிருக்கு, இன்னொரு வேலை எடுப்பீர்."

"வேலை எடுப்பன் அன்ரி. பேரை எங்கை எடுக்கிறது?"

"அவர் உம்மைப் பெத்த பிள்ளை மாதிரிப் பாத்தவர்."

"அதாலைதான் அவர் எழுதினதை எல்லாரும் நம்புகினம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பேராசிரியர் வாசல்வரை வந்து, மழை இருட்டுகிறது, கவனமாகப் போம் என்றார்.

விசாரணையில் நான் பெருந்தன்மை ஒன்றும் காட்டவில்லை. கொப்பியை மேசையில் வைத்தேன். குருநகர்ப் பிள்ளையும் வந்து நின்றாள். முறைப்பாடு செய்தவர் என்பதால் பேராசிரியரும் இருந்தார், சப்பாத்து மினுக்கி, கழுத்துப்பட்டி கட்டி. பீடாதிபதி கொப்பியை அவரிடம் கொடுத்தார். அவர் நிதானமாக வாசித்தார்.

"நல்ல கேள்வியள்," என்றார். "ஆர் எழுதினது?"

பீடாதிபதி குருநகர்ப் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் வகுப்பிலை சொன்னது சேர்," என்றாள் அந்தப் பிள்ளை, அழாக்குறையாக.

"நான் பரீட்சைத்தாளை வகுப்பிலை சொல்லுவனோ?" அவர் கோபிக்கவில்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு என்னில் கண் நின்றது. "இந்தத் தாளைக் கண்டது ரெண்டு பேர். உவவும் நானும்."

பீடாதிபதி தலையைக் குனிந்துகொண்டார். அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் அப்போது விளங்கிவிட்டது, அவரைத் தவிர.

பரீட்சையைத் திரும்ப வைத்தார்கள். பேராசிரியருக்கு மருத்துவ விடுப்புக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மாலை போட்டு அனுப்பினார்கள். எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. கூடவே விசாரணை முடிவும் வந்தது: "குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை." அவ்வளவுதான். நான் செய்யவில்லை என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. பீடாதிபதியிடம் போனேன். உண்மையை ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டேன்.

"வேலை தப்பிட்டுதெல்லே? பேந்தென்ன? அந்த மனுசன்ரை பேரையும் யோசியும்," என்றார்.

"அப்ப என்ரை பேர்?"

"சனம் மறந்துபோகும், பிள்ளை."

சனம் மறக்கவில்லை. நிரூபிக்க முடியாதபடி கெட்டித்தனமாகச் செய்தவள் என்று இன்னும் மரியாதை கூடியது. மாணவர்களும் சேரைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பழையபடி வாயை மூடினார்கள்.

அதன் பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை நான் தெல்லிப்பழைக்குப் போகத் தொடங்கினேன். ஆறு வருடத்துக்கு மேலே போனேன். செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிறாள் என்று கல்லூரியில் கதைத்தார்கள். என் மனிதர், "உமக்கு நல்ல மனம்" என்றார். ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. அன்பினால்தான் போனேன் என்று நீங்களும் நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர் வாயிலிருந்து ஒரு வசனம் வேண்டும். 'அது நான்தான் வகுப்பிலை சொன்னது.' அவ்வளவுதான். ஊர் நம்பாவிட்டால் போகட்டும். என்னைத் தேர்ந்து எடுத்தவர் அவர், அவர் சொல்ல வேண்டும். மறதி முழுவதையும் தின்று முடிப்பதற்குள் சொல்ல வேண்டும்.

அன்ரிக்கு என்னில் நம்பிக்கை இல்லை. எதையோ எழுதிக் கையெழுத்து வாங்க வருகிறேன் என்ற எண்ணம். நான் இருக்கும் நேரம் முழுக்கக் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பின்னுவார், கண் என் கைப்பையில் இருக்கும். எனக்கும் அவரில் நம்பிக்கை இல்லை. அந்தத் தாள்கட்டு சீனிப் பேணிக்குப் பின்னால் இன்னும் இருக்கிறதா, எரித்துவிட்டாரா என்று குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். இப்படி இருவரும் ஒருவரை ஒருவர் காவல் காத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். எரித்துவிட்டதாக மூன்றாம் வருடம் அன்ரியே சொன்னார்.

பேராசிரியரின் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கதைத்தால் தொலைபேசியை என்னிடம் நீட்டி, ஆரோ கதைக்கினம் என்பார். அன்ரியைக் காட்டி, இந்த மனுசி நல்லாச் சமைக்கிறா, ஆர் இவ என்று கேட்பார். கிணறுகளின் பெயர்கள் போயின. ஆனால் நான் படலையைத் திறந்தால் போதும்.

"உவ வாறா. லாச்சியைப் பூட்டும்."

ஒரு தரமும் தவறவில்லை. பெண்சாதியை மறந்தவர், பெற்ற பிள்ளைகளை மறந்தவர், என்னை மறக்கவில்லை. என்ன கொடுமை! அந்த லாச்சிக்குள் அப்போது இருந்தது கண்ணாடிக் கூடும் ஒரு சீப்பும்தான்.

ஒரு தரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெறும் கொப்பியும் பேனையும் கொண்டுபோய் அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன், வகுப்பில் இருப்பதுபோல். "நான் எழுதுறன் சேர். நிலத்தடி நீர். சொல்லுங்கோ," என்றேன். பிறகு அந்தப் பழைய குரல் வந்தது, சோக்குத் தூள் அடைத்த குரல். சுண்ணாம்புக்கல், மழைநீர், கடல்நீர் என்று ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனார். கதவடியில் அன்ரி பின்னுவதை நிறுத்தினார். அவர் ஒரு மூச்சு எடுத்து, நிறுத்தாமல், "எவையேனும் நான்கு வினாக்களுக்கு விடை தருக" என்றார். ஐந்து கேள்விகளையும் சொன்னார். நான் எழுதினேன்.

"சேர்," என்றேன். "பாருங்கோ. நீங்கள் சொன்னீங்கள், நான் எழுதினன். அண்டைக்கும் உப்பிடித்தான் நடந்தது."

கொப்பியை வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் இறுகியது.

"இது பரீட்சைத்தாள்," என்றார். "உமக்கு எப்பிடிக் கிடைச்சது?"

அன்று பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு சீற்றுக்குப் போனார்.

கடைசியாகப் போனது அவர் சாவதற்கு மூன்று கிழமைக்கு முன். மெலிந்து, கதிரைக்குள் புதைந்துபோய் இருந்தார். படலை சத்தத்துக்குத் திரும்பவில்லை. கிட்டப் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "நீர் ஆர், பிள்ளை?" என்றார்.

ஆறு வருடத்தில் முதல் தரம் அவர் என்னை மறந்திருந்தார். சந்தோசப்படுவதா, ஒப்பாரி வைப்பதா என்று தெரியவில்லை. எந்தக் குற்றமும் இல்லாத ஒருத்தியாக அவர் முன்னால் இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, அன்ரி தந்த கஞ்சியை ஊட்டினேன். குடித்தார். பிறகு தானாகவே கதைக்கத் தொடங்கினார்.

"என்னட்டை ஒரு பிள்ளை படிச்சது. தென்மராட்சிப் பக்கம். அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளையை நான் காணேல்லை. நான்தான் அவவை வேலைக்கு எடுத்தனான்."

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. இப்படி ஒரு சொல்லை அவர் முன்னொரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

"பேந்து?"

"வினாத்தாளை வெளியிலை விட்டுப்போட்டா." கண் கலங்கியது. "அவவைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டி வந்திட்டுது. எழுதிப்போட்டு நான் சாப்பிடேல்லை."

"அவ செய்யேல்லை சேர்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்கு அவவை நல்லாத் தெரியும்."

நெடுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரி எழும்பிக் கிட்ட வந்து, அவர் தோளில் கையை வைத்தார். அவர் அந்தக் கையைக் கவனிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, மற்றவருக்குக் கேட்காமல் என்னைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்ப நீர் கவனம், பிள்ளை," என்றார். "பாத்தால் தெரியாது. நானே நம்பினனான்."

"ஓம் சேர்," என்றேன். "கவனமா இருக்கிறன்."